ஊழியர் மோசடிக்கு உரிமையாளர் ஏன் பொறுப்பு?

கேள்வி: நான் தனி உரிமையாளராக ஒரு விற்பனை நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் விற்பனைப் பிரதிநிதி, நிறுவன ரசீதைக் கொடுத்துச் சிலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார். ரொக்கம் வாங்கக் கூடாது என்று அவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அந்தப் பணமும் என்னிடம் வரவில்லை. நான் ஏன் திருப்பித் தர வேண்டும்?

பதில்: நீங்கள் கூறும் இரண்டு காரணங்களும் நீதிமன்றங்களுக்குப் பழகியவை, இரண்டும் அங்கே எடுபடவில்லை. போட்டி நிறுவனத்தின் வண்டியை மறிக்கக் கூடாது என்று அச்சிட்ட அறிவுரை பெற்றிருந்த லண்டன் குதிரை ஆம்னிபஸ் ஓட்டுநர் ஒருவர் அதை மீறி விபத்து ஏற்படுத்திய லிம்பஸ் வழக்கில் (1862), தடை விதித்திருந்தாலும் அவர் செய்தது தமக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையையே என்பதால் நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. ஆதாயம் இல்லை என்ற வாதத்துக்கு லாயிட் எதிர் கிரேஸ் ஸ்மித் வழக்கு (1912) விடை சொல்கிறது: வழக்கறிஞர் நிறுவனத்தின் எழுத்தர், ஆலோசனை கேட்டு வந்த கைம்பெண்ணின் சொத்தைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார், நிறுவனத்துக்கு ஒரு காசு லாபமில்லை என்றபோதும், வருகிறவர்களின் காரியங்களைக் கவனிக்க அவரை அமர்த்தியது நிறுவனமே என்பதால் அதன்மீதே பொறுப்பு விழுந்தது.

ஆகவே பார்க்க வேண்டியது, அவர் எந்தத் தகுதியில் பணம் வாங்கினார் என்பதைத்தான். வங்கி ஊழியர் ஒருவர் பக்கத்து வீட்டு நண்பர் என்ற முறையில் வாங்கிய பணத்தைக் கையாடியபோது, அது வங்கிப் பணியின் போக்கில் நடந்ததல்ல என்று கூறி, 1978-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பாரத ஸ்டேட் வங்கியை விடுவித்தது. உங்கள் ரசீது அந்த வாய்ப்பைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ரொக்கம் வாங்க அவருக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தே பணம் கொடுத்தவர் யாராவது இருந்தால், அவரிடம் மட்டும் நீங்கள் வாதாடலாம்.

தனி உரிமையாளர் என்பதால் இழப்பு உங்கள் சொந்தச் சொத்தையும் தொடும். வரையறுக்கப்பட்ட நிறுவனமாக (லிமிடெட் கம்பெனி) இருந்தால் பொதுவாக அதன் சொத்தோடு நிற்கும். கூட்டாண்மையில் பங்காளிகளையும் பிடிக்கும். கொடுத்த தொகையை ஊழியரிடமிருந்து வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆள் கிடைத்தால்! காவல்துறையில் புகார் கொடுப்பது தனி வழி; அதனால் வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய கடன் தீராது.

அதைவிட அவசரமானது ஒன்று. அவரிடம் மிச்சமுள்ள ரசீது எண்களை ரத்து செய்து, அவர் இனி உங்கள் பிரதிநிதி அல்ல என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இன்றே எழுத்துமூலம் அறிவியுங்கள். அறிவிக்காதவரை அவர் வாங்கும் பணத்துக்கும் நீங்களே பொறுப்பாகக்கூடும்.