வண்டி கையில இருக்கு, ஆர்சி யாருக்க பேர்ல இருக்கு?

(வண்டி வாகனம் பத்தி வாசகர்கள் கேக்குற கேள்விக்கு, தக்கலை பக்கம் இருபது வருசமா டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்க நம்ம மெக்கானிக் அண்ணன் பதில் சொல்றாரு. இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி, பேப்பர் இல்லாம வாங்குன வண்டியப் பத்திதான்.)

அண்ணே, எனக்கு ரப்பர் மரத்துல பால்வெட்டுதான் வேலை. விடியக்காலம் மூணு மணிக்கு தோட்டத்துக்குப் போவணும், அந்த நேரத்துல எந்த பஸ்ஸு வரும்? அதான் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் 14,000 ரூவாக்கு வாங்கினேன். 2009 மாடல், டிஎன் 75 நம்பர். ஒரு மாசத்துல ஆர்சி தாறேன்னு சொன்ன ஆளு இப்ப கேட்டா, அவனே வேற ஒருத்தன்கிட்ட இருந்துதான் வாங்கினானாம், அவன் கையிலயும் ஆர்சி கெடயாதாம். எங்களுக்குள்ள பத்திரத்துல எழுதி கையெழுத்து போட்டிருக்கோம். ஒரு புரோக்கர் 8,000 குடுத்தா ஒரே வாரத்துல எனக்க பேர்ல ஆர்சி எடுத்து தாறேங்காரு. குடுக்கலாமா?
– ஒரு வாசகர், அருமனை

அந்த 8,000 ரூவாய மடிச்சு மடியிலயே வச்சுக்கிடுங்க மக்கா. முந்தி எல்லாம் ஓனருக்க கையெழுத்த எவனாவது போட்டு உள்ள தள்ளி ஆர்சி எடுத்த கதை உண்டு, நானே கண்டிருக்கேன், இல்லன்னு சொன்னா பொய். இப்ப எல்லாம் வாகன்ங்கிற கம்ப்யூட்டர் பதிவுல ஏறியாச்சு, ஓனருக்க போனுக்குதான் ஓடிபி போவும். அதுக்கு மேலயும் ஒருத்தர் ஒரு வாரத்துல முடிச்சு தாறேன்னா அவரு எந்த வழியா போவாருன்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க. நாளைக்கு மாட்டினா அந்த ஃபார்ம்ல புரோக்கருக்க பேரு எங்கயும் இருக்காது, உங்க பேருதான் இருக்கும்.

அடுத்து உங்க பத்திரம். அது நீங்க காசு குடுத்ததுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். 1988-ம் வருச மோட்டார் வாகனச் சட்டத்துல ஓனர்னா யாருக்க பேர்ல பதிவாகி இருக்கோ அவருதான், வண்டி நாலு கை மாறி இருந்தாலும் சரி. நடுவுல வாங்கி வித்தவங்க யாரும் ஆர்டிஓ ஆபீஸ் கணக்குல கெடயாது. அதனால உங்களுக்கு வித்தவன்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, பதிவுல இருக்க அந்த முத ஆளத்தான் நீங்க தேடிப் பிடிக்கணும், மத்த வேலை எல்லாம் அதுக்குப் பொறவுதான்.

தேடுறதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. ஹேண்டில் கழுத்துல ஃபிரேம்ல அடிச்சிருக்க சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நல்லா டீசல் போட்டு துடைச்சு எழுதி எடுங்க. என்சிஆர்பி, அதான் மத்திய அரசுக்க குற்ற ஆவணத் துறை, வாகன் சமன்வய்னு ஒரு ஆன்லைன் வசதி வச்சிருக்காங்க, அதுல இந்த நம்பர்கள போட்டா நாட்டுல எங்கயாவது திருட்டு கேஸ்ல இருக்க வண்டியான்னு தெரிஞ்சிரும். திருட்டு வண்டின்னு வந்தா உடனே ஸ்டேஷன்ல போய் உள்ளத சொல்லிருங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வச்சிருந்தா மூணு வருசம் வரைக்கும் ஜெயில் உண்டு, இப்ப ஐபிசிக்கு பதிலா வந்திருக்க பிஎன்எஸ் சட்டத்துல 317-ம் பிரிவு. "நான் காசு குடுத்துல்லா வாங்கினேன்"னு அப்ப சொன்னா எடுபடாது. அந்த நம்பர்ல ராவின தடம், மறுபடி குத்தின தடம் எதாவது தெரிஞ்சாலும் அதே கததான்.

திருட்டு இல்லன்னு ஆச்சுன்னா எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர போடுங்க. ஓனர் பேரு பாதி மறைஞ்சுதான் வரும், ஆனா எந்த ஆர்டிஓ, எந்த தேதில பதிவு, இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சுது, ஃபைனான்ஸ் உண்டா, எல்லாம் கெடைக்கும். டிஎன் 75-ன்னா மார்த்தாண்டம் ஆபீஸு, உங்களுக்கு பக்கம்தான். அங்க நேரா போய் சேஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுத்துக் காட்டி, இந்த வண்டிய வாங்கிட்டேன், ஓனரக் கண்டுபிடிக்கணும்னு எழுதிக் குடுத்து பர்டிகுலர்ஸ், அதான் வண்டிக்க பதிவு விவரம், கேளுங்க. இன்னொரு வழி இருக்கு, யாரும் சொல்லித் தரமாட்டாங்க: பழைய இன்சூரன்ஸ் பேப்பரோ சர்வீஸ் புக்கோ சைடு பாக்ஸ்ல கெடந்தா தூக்கிப் போடாதீங்க. எங்க கடைக்கு வந்த ஒரு பாஷன் பைக்குக்க ஓனர நான் கண்டுபிடிச்சது, சீட்டுக்க அடில சுருட்டி வச்சிருந்த ஒரு ஆயில் மாத்துன பில்ல வச்சுதான். ஆளு திங்கள்சந்தையில இருந்தாரு. வண்டிய வித்து ஆறு வருசம் ஆச்சாம், இன்னும் தனக்க பேர்லதான் இருக்குன்னதும் அவருக்குதான் வேர்த்துது. அன்னைக்கே வந்து கையெழுத்து போட்டாரு. பயப்படாதீங்க, முக்கால்வாசிப் பேரு விசயம் தெரிஞ்சா ஓடி வருவாங்க. அவங்களுக்கும் தலைக்கு மேல கத்தி தொங்குது இல்லியா.

ஆளு கெடைச்சா பாதி முடிஞ்ச மாதிரி. ஆர்சி தொலைஞ்சிருந்தா டூப்ளிகேட்டுக்கு அவரு பேர்லதான் போடணும், நீங்க போட முடியாது. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல எல்டிஆர்னு தொலைஞ்ச ஆவணத்துக்கு ஆன்லைன்லயே ரிப்போர்ட் எடுக்கலாம், அதோட ஃபார்ம் 26. பொறவு பேர் மாத்த ஃபார்ம் 29 அவரு தரப்புல, ஃபார்ம் 30 உங்க தரப்புல, கூடவே நடப்புல இருக்க இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ஆதார். அந்த காலத்துல லோன்ல எடுத்த வண்டின்னா ஆர்சில ஹெச்பின்னு கடன் குடுத்த கம்பெனிக்க பேரு இன்னும் நீக்காம கெடக்கும், கடன் எப்பவோ தீந்திருந்தாலும் அந்த கம்பெனி என்ஓசியும் (ஆட்சேபனை இல்லன்னு குடுக்குற கடிதம்) ஃபார்ம் 35-ம் இல்லாம ஒரு அடி நகராது. அப்பறம் இ-சலான் எதாவது கட்டாம கெடக்கான்னு பாருங்க, அதுலயும் மாட்டிக்கிடும்.

உங்க வண்டிக்கு இதுக்கு மேலயும் ஒரு சங்கடம் உண்டு. 2009 மாடல், 15 வருசப் பதிவு முடிஞ்சாச்சு. ரினீவல் பண்ண ஃபார்ம் 25, வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டு காட்டணும், 2022 ஏப்ரல்ல இருந்து பைக்குக்கு ரினீவல் ஃபீஸே 1,000 ரூவா ஆக்கிட்டாங்க, அது போக பசுமை வரி, தாமதம் ஆனதுக்கு தண்டம். இன்டிகேட்டர் எரியல, சைலன்சர் ஓட்டைன்னா திருப்பி அனுப்புவாரு. அதனால செலவ மொத்தமா ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு இறங்குங்க. ஓனர் கெடைச்சு எல்லாம் ஒழுங்கா நடந்தா நான் செய்யச் சொல்லுவேன், ஸ்ப்ளெண்டர் எஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடும். ஓனரே கெடைக்கலன்னா சவத்த விடுங்க, வித்தவன்கிட்ட பத்திரத்தக் காட்டி காசத் திருப்பிக் கேளுங்க, தரலன்னா ஸ்டேஷன்ல மனு குடுங்க. அது வரைக்கும் தோட்டத்துக்கு அந்த வண்டில போவாதீங்கன்னு சொன்னா கேப்பீங்களான்னு தெரியல, ஆனா இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டி பிடிபட்டாலே முத தடவைக்கு 2,000 ரூவா, ஆள எங்கயாவது இடிச்சுட்டா கணக்கே வேற.

எங்க வீட்டுல இருந்து பார்டர் ரெண்டு கிலோமீட்டர். பாறசாலைல ஒருத்தர் கேஎல் 19 நம்பர் ஆக்டிவா விக்காரு. ஆர்சி இருக்கு, என்ஓசி பொறவு பாக்கலாம், இங்க எல்லாரும் கேஎல் வண்டிதான ஓட்டுறாங்கன்னு சொல்றாரு.
– களியக்காவிளை வாசகி

எல்லாரும் ஓட்டுறாங்கதான், அது உள்ளதுதான், நம்ம பக்கத்துல பாதி கல்யாணத்துக்கு வாற வண்டி கேஎல் நம்பர்தான். ஆனா நீங்க இங்க வச்சு 12 மாசத்துக்கு மேல ஓட்டினா தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தியே ஆவணும். அதுக்கு அங்க உள்ள ஆபீஸ்ல இருந்து ஃபார்ம் 28-ல என்ஓசி வேணும், விண்ணப்பிக்க வேண்டியது விக்கிற ஆளு. என்ஓசி கைக்கு வந்த பொறவு மீதிக் காச குடுக்கறேன்னு பேசுங்க, முழுசா எண்ணிக் குடுத்துட்டீங்கன்னா அவரு போன எடுக்குறதுக்கே நீங்க நாலு தடவ பஸ் ஏறணும். இங்க வந்து வண்டிக்க வயசுக்கு ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ் கட்டணும், அதையும் விலையில கழிச்சுப் பேசுங்க. அங்க கட்டின வரில மிச்சத்த திரும்ப கேக்கலாம், கெடைக்க நாளாவும்.

அண்ணா, எங்க வீட்டுக்காரரு தவறி ஒன்பது மாசம் ஆவுது. வண்டி அவரு பேர்ல. மகன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறான். சும்மா ஓட்டலாமா, இல்ல வித்துரலாமா?
– ஒரு அம்மா, இரணியல்

விக்கணும்னாலும் மொதல்ல உங்க பேருக்கு மாத்தணும் அக்கா, இல்லன்னா வாங்குறவருக்கும் அருமனைக்காரருக்க கதிதான். இதுக்கு ஃபார்ம் 31. இறப்பு சான்று, தாசில்தார் குடுக்குற வாரிசு சான்று, மத்த வாரிசுகளுக்க சம்மதக் கடிதம், ஆர்சி, இன்சூரன்ஸ், இவ்வளவுதான். வாரிசு சான்றுக்கு இ-சேவை மையத்துல பதியலாம். ஓனர் இறந்து மூணு மாசத்துக்குள்ள போடணும்னு விதி, உங்களுக்கு தாண்டிட்டு, அதுக்காக மாத்தாம விட்டுர மாட்டாங்க, தாமதக் கட்டணம் கேப்பாங்க. துக்கத்துல இருக்க வீட்டுல யாருக்கு இது நெனப்பு வரும். மகன்கிட்ட மட்டும் இன்சூரன்ஸ் தேதிய இன்னைக்கே பாக்கச் சொல்லுங்க.

நாலு வருசம் முன்ன எனக்க பல்சர ஒரு மீன் யாவாரிக்கு வித்தேன். ஆர்சியும் வெத்து ஃபார்ம்ல கையெழுத்தும் போட்டுக் குடுத்தாச்சு. இப்ப ஹெல்மெட் இல்லன்னு எனக்க போனுக்கு சலான் வருது. நான் வித்தது வித்ததுதான?
– ஒரு வாசகர், குளச்சல்

இல்ல. நீங்க இப்பவும் ஓனர்தான். சலான் சின்ன விசயம், ஆள இடிச்சா என்ன ஆவும்னு பாருங்க. 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டுக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்துது, கார வித்துட்டாரு, அது அடுத்தடுத்து கை மாறிப் போய் விபத்து ஆச்சு, பதிவு மட்டும் மொத ஆளு பேர்லயே கெடந்துது. நஷ்ட ஈடு பொறுப்பு பதிவுல இருக்க அந்த மொத ஆளுக்குதான்னு தீர்ப்பு. நீங்க வித்த 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிச்சிருக்கணும், வாங்கினவரு 30 நாளுக்குள்ள மாத்தியிருக்கணும். ரெண்டு பேரும் செய்யல. மீன் யாவாரிதான, காலைல ஏலம் நடக்குற இடத்துல நின்னா ஆளப் பிடிச்சிரலாம், கூட்டிட்டு நேரா ஆபீஸ் போங்க. ஆளு கெடைக்கலன்னா வித்த தேதி, வாங்கினவரு விவரம், கையில உள்ள ரசீதோட எழுத்துல ஆர்டிஓவுக்கும் ஸ்டேஷனுக்கும் குடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைங்க.

வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அது மாதிரி இனி ஜென்மத்துக்கும் போடாதீங்க.

ஆக்கர் (பழைய இரும்பு) கடைல யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்க ஃபிரேமும் எஞ்சினும் 25,000-க்கு கெடக்கு. பேப்பர் தனியா ஏற்பாடு பண்ணலாம்னு கடைக்காரர் சொல்றாரு. வாங்கி கட்டலாமா அண்ணே?
– ஒரு மாணவர், வெட்டூர்ணிமடம்

தம்பி, எனக்கும் அந்த சத்தம் கேட்டா இப்பவும் கை நிக்காது. 1996-ல நிறுத்தின வண்டி, அதனால இன்னைக்கு இவ்வளவு கிராக்கி. ஆனா "பேப்பர் தனியா"ன்னா என்ன தெரியுமா, வேற ஒரு செத்த வண்டிக்க ஆர்சிய வாங்கி அந்த சேஸ் நம்பர வெட்டி இதுல ஒட்டுறது, இல்ல இதுக்க நம்பர ராவிட்டு புதுசா குத்துறது. ரெண்டும் போலீஸ் கேஸு. ஷோகேஸ்ல வச்சு அழகு பாக்கணும்னா வாங்கு. ரோட்டுல ஓட்டணும்னா, ஒரிஜினல் ஆர்சியோட ஓனரே நேர்ல வந்து நிக்கிற வண்டிய காசு சேத்து வச்சு வாங்கு, ஃபிரேம் நம்பர் பாக்க என்னையும் கூப்பிடு, வாறேன்.