குடல் நோய் கல்லீரலுக்கு எப்படிப் போகிறது?

கேள்வி: என் தம்பிக்குப் பல ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி இருக்கிறது. அண்மையில் ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் அளவு கூடியிருந்ததால், பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தநாளங்கள் ஆங்காங்கே சுருங்கியிருப்பதாகவும், இது பிஎஸ்சி (பிரைமரி ஸ்கிளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ்) என்னும் பித்தநாள அழற்சி நோய் என்றும் மருத்துவர் கூறினார். அவன் மதுவைத் தொட்டதே இல்லை. குடல் நோய் கல்லீரலுக்கு எப்படிப் போனது? பெருங்குடலை அகற்றிவிட்டால் கல்லீரல் சரியாகிவிடுமா?

பதில்: மதுப்பழக்கத்தால் வரும் நோய் அன்று இது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. வட ஐரோப்பாவில் பிஎஸ்சி உள்ளவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குக் குடல் அழற்சியும் சேர்ந்தே காணப்படுகிறது. ஆனால் குடல் அழற்சி உள்ளவர்களுள் மிகச் சிலருக்கே பிஎஸ்சி வருகிறது.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவதுதான். இருப்பினும் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த நேர்வழியில் மட்டும் பயணம் செய்வதில்லை. குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில், அந்நியப் பொருள்களை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்கி, அதைக் கொண்டு டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் ஆல்ஃபா-4 பீட்டா-7, சிசிஆர்-9 என்னும் இரு புரதங்களைத் தோன்றச் செய்கின்றன. இவை அந்தச் செல்லின் மீது எழுதப்பட்ட முகவரி போன்றவை. நிணநீர் வழியே ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றும் அச்செல், குடலின் நுண்ணிய சிரைகளை அடையும்போது, அவற்றின் உட்சுவரில் உள்ள மேட்கேம்-1 என்னும் மூலக்கூற்றைப் பற்றி, சுவரோரமாக உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டிக்கொண்டு, பிறகு சுவரின் இடுக்கு வழியே தன் உடலை நெளித்துத் திசுவுக்குள் நுழைகிறது. ஆரோக்கியமான கல்லீரலில் மேட்கேம்-1 அநேகமாக இருப்பதில்லை. ஆகவே அச்செல்கள் அங்கே இறங்குவதில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிஎஸ்சி நோயாளிகளின் கல்லீரலில் இந்த மேட்கேம்-1 தோன்றியிருப்பதைக் கண்டார்கள். சிசிஆர்-9 உள்ள செல்களை ஈர்க்கும் சிசிஎல்-25 என்னும் புரதமும் அங்கே இருந்தது. 2004-இல் வெளியான அவர்களது ஆய்வில், அந்தக் கல்லீரல்களில் குவிந்த டி செல்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடலின் முகவரியைத் தாங்கியிருந்தது. பிற கல்லீரல் அழற்சிகளில் அது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. இச்செல்களுள் சில நெடுங்காலம் வாழும் நினைவுச் செல்கள். குடலை எடுத்த பின்பும் அவை உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். பெருங்குடல் அகற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் பிஎஸ்சி தோன்றியவர்களும் உண்டு. ஆதலால் கல்லீரலைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு மட்டும் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

ஆல்ஃபா-4 பீட்டா-7-ஐத் தடுக்கும் வெடோலிசுமாப் என்னும் மருந்து குடல் அழற்சிக்கு நன்கு பயன்படுகிறது. பிஎஸ்சியில் கல்லீரலுக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. எனவே செல்களின் இடப்பெயர்ச்சி ஒன்றே முழுக் காரணம் என்று நான் கருதவில்லை. மரபணுக்களுக்கும், தேங்கும் பித்தநீர் உண்டாக்கும் சேதத்துக்கும் பங்குண்டு.

இந்த இரு நோய்களும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் வயிற்றில் தொந்தரவே இல்லாவிட்டாலும் உங்கள் தம்பி ஆண்டுதோறும் கொலனோஸ்கோபி என்னும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குளிர்காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடைபட்ட பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும்.