ஹேசல் ஸ்காட் சினிமாவில் நடிக்கப் போனதால்தான் அவருடைய ஜாஸ் வாழ்க்கை கெட்டதா?

இல்லை. உங்கள் வீட்டில் பாடவும் வாசிக்கவும் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கிறது, நடிக்க வாய்ப்பு வந்திருக்கிறது, அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். அப்படியானால் பயப்பட வேண்டியது நடிப்புக்கு அல்ல.

ஹேசல் கறுப்பினப் பெண், ஜாஸ் பியானோ கலைஞர், பாடகி. 1920-ல் டிரினிடாட்டில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்ட கஃபே சொசைட்டி கிளப்பில், பாக், ஷோபின் போன்ற மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களின் உருப்படிகளை ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் தாளத்தில் வாசித்துப் பேர் வாங்கினார். ஹாலிவுட் கூப்பிட்டபோது வேலைக்காரி வேடம் கட்ட மாட்டேன், ஹேசல் ஸ்காட்டாகவே வருவேன் என்று சொல்லித்தான் போனார். 1943-ல் வந்த ‘தி ஹீட்ஸ் ஆன்’ படத்தில் இரண்டு பியானோக்களை ஒரே நேரத்தில் வாசிப்பார், தேடிப் பாருங்கள். அதே படத்தில் போருக்குப் போகிறவர்களை வழியனுப்பும் காட்சி ஒன்று. கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் அழுக்கு ஏப்ரன் கட்டிவிட்டார்கள். ஹேசல் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து அதை மாற்ற வைத்தார். கொலம்பியா ஸ்டுடியோவின் தலைவர் ஹாரி கோன் அதை மன்னிக்கவில்லை. 1945-ல் வந்த படத்தோடு ஹாலிவுட் அவருக்கு முடிந்தது.

எனக்கு வலித்த இடம் இதுதான். நானும் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவள். சீரியலில் சின்னச் சின்ன வேடமும் செய்திருக்கிறேன். உடனே “உன்னையும் ஹேசலையும் ஒப்பிடுவதா?” என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். அவர் விரல் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை, அது எனக்கே தெரியும். நான் சொல்வது வேறு.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் எங்கள் மெல்லிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பறை அடிக்க வந்த செட்டுக்காரர்களும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். இடைவேளையில் எங்களைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், பேப்பர் தட்டு. அவர்களில் ஒரு பையன் மழைக்குத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு நின்று சாப்பிட்டான். அவர்களும் பந்தியில் உட்கார்ந்தால்தான் அடுத்த பாட்டு என்று சொல்லிவிட்டேன். “நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு, பாடிட்டுப் போவோம்” என்றார் குழு நடத்துகிறவர். நான் எழுந்திருக்கவில்லை. மேடை காலியாகக் கிடப்பது பெண் வீட்டாருக்கு மானப் பிரச்சினையாகி, கடைசியில் இலை போட்டார்கள். எனக்கு எதிர் இலையில் அந்தப் பையன் உட்கார்ந்தான்.

அந்த முகூர்த்த சீசனுக்குப் பிறகு எனக்குக் கச்சேரி வரவில்லை. ஊரில் பரவிய காரணம் என்ன தெரியுமா? “சீரியல் பக்கம் போயிட்டா, பாட்டுல கவனம் போச்சு.” உங்கள் கேள்வியில் இருப்பதும் அதே வாசகம். சோற்று இலையில் நடந்ததை வெளியில் சொல்ல யாருக்கும் வாய் வராது. நடிப்பின் மேல் பழியைப் போடுவது சுலபம். எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஹேசலுக்கு 1950-ல் சொந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடைத்தது. கம்யூனிஸ்ட் சார்புள்ள கலைஞர்கள் என்று சொல்லி வெளியிட்ட ‘ரெட் சேனல்ஸ்’ என்ற பட்டியலில் பெயர் வந்ததும், தானாகவே போய் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் மறுத்துப் பேசினார். ஒரே வாரத்தில் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். இதில் நடிப்பு எங்கே வந்தது? 1955-ல் பாஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் ரோச் என்ற இரண்டு பெரிய ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து அவர் பதிவு செய்த ‘ரிலாக்ஸ்டு பியானோ மூட்ஸ்’ ஆல்பத்தைக் கேளுங்கள். இசை கெட்டுப்போனவர் வாசிப்பா அது? பிறகு பாரிஸில் குடியேறி, 1958-ல் பிரெஞ்சு நடிகர் ஜான் கபானோடு ஒரு பிரெஞ்சுப் படத்திலும் நடித்தார்.

இப்போது நான் பியானோ வகுப்பு எடுக்கிறேன். வருகிற பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த கிரேடு எக்ஸாம் எப்போ எழுதலாம்?” பிள்ளை தானாக இரண்டு சுரம் சேர்த்து வாசித்தால் “நோட்டில் இருக்கிறதை மட்டும் வாசி” என்று வாசலில் இருந்தே அதட்டுகிறார்கள். பாக்கை மாற்றி வாசித்த ஹேசலையும் இவர்கள் அடக்கியிருப்பார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பிள்ளையை நடிக்க அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன வேடம், என்ன உடை, பெயர் எப்படி வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹேசல் வாங்கினார்.