ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கலாமா? சேர்ந்துவிட்ட மாணவருக்கு என்னென்ன உரிமை உண்டு?

கேட்டவரின் நிலைமை இதுதான்: தங்கை சென்னையில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள், அப்புறம் அவள் விரும்பிய பாடம் வேறு கல்லூரியில் கிடைத்தது, இப்போது முதல் கல்லூரி மார்க் ஷீட்டைத் தராமல் "மூன்று வருட ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது. இதோடு, பொதுவாக மாணவர்கள் எதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் தென்சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சான்றிதழைத் தந்தே ஆக வேண்டும். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் இது தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது ஒரிஜினலை மாணவர் முன்னாலேயே சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மாணவரே கையெழுத்திட்ட நகலை மட்டும் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். மூன்று வருட ஃபீஸ் கேட்பதற்கும் அதே அறிவிப்பில் பதில் இருக்கிறது: படிக்கப்போகும் அந்த செமஸ்டருக்கோ அந்த ஆண்டுக்கோ மட்டும்தான் முன்பணம் வாங்கலாம். படிப்புச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் வாயால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும்.

அதனால் எந்த உரிமையாக இருந்தாலும் முதல் வேலை, எழுதிக் கொடுப்பது. ஹெச்ஓடியிடம் சொன்னேன், மேனேஜரிடம் பேசினேன், வாட்ஸாப்பில் போட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. கடிதம் இரண்டு பிரதி எடுங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் கல்லூரி முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க, மேடத்துகிட்ட சொல்றேன்" என்பார்கள். அங்கேதான் நகராமல் நிற்க வேண்டும், ஏனென்றால் இன்வர்டு ரெஜிஸ்டரில் (வரும் கடிதங்களைப் பதியும் பேரேடு) ஏறி எண் விழுந்த கடிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும், ஏறாத கடிதம் மேஜை டிராயருக்குள் போகும், அதை நான் பார்த்திருக்கிறேன். முத்திரை போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், அதே கடிதத்தை முதல்வர் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, மின்னஞ்சலும் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். இந்த விதிகள் எல்லாமே நாள் கணக்கில்தான் நிற்கின்றன.

பணம் திரும்பக் கிடைப்பதையே பாருங்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதி என்று கல்லூரி முறையாக அறிவித்திருக்கும் நாள்தான் மையம். அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் வர வேண்டும், அதில் 5 சதவீதத்துக்கு மிகாமல், எப்படிப் பார்த்தாலும் 5,000 ரூபாயைத் தாண்டாமல், அலுவலகச் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்குப் பிறகு 30 நாள் வரை 50, அப்புறம் ஒன்றும் கிடையாது. 80,000 ரூபாய் கட்டியவர் கடைசித் தேதிக்குப் பத்து நாள் கழித்து எழுதிக் கொடுத்தால் 64,000 வரும், வாய்ப்பேச்சிலேயே இரண்டு வாரத்தை இழுத்துவிட்டு எழுதினால் 40,000 ஆகிவிடும். காஷன் டெபாசிட் என்கிற பிணைத்தொகை தனி, அது முழுசாக வர வேண்டும். எழுத்துப்பூர்வ விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைத் தந்துவிட வேண்டும். சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகவும் அறிவித்திருக்கிறது, 2024-25 சேர்க்கையில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் கழிவு. ஆகவே நடப்பு ஆண்டின் சுற்றறிக்கையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். ரசீதின் கீழே பொடி எழுத்தில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, யுஜிசி விதிக்கு மேலே அது நிற்காது. பொறியியல் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் விதி, அது தனி.

கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? 2023 ஏப்ரலில் வந்த யுஜிசி ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது, எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவுகளிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும், மாணவர் பிரதிநிதியும் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதியைத்தான் அந்தப் பதவியில் போடுவார்கள், அவர் 30 நாளில் முடித்து வைக்க வேண்டும். நடைமுறையில் பல கல்லூரிகளில் இந்தக் குழு இணையதளத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அங்கே ஒரு புகார் போட்டு வைத்தால்தான் மேலே போகும் வழி திறக்கும்.

அட்டென்டன்ஸ் விஷயத்தில் மாணவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், 65-க்கு மேல் இருந்து 75-ஐ எட்டாவிட்டால் மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ காண்டோனேஷன், அதாவது விலக்கு, கேட்கலாம், 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். ஹால் டிக்கெட் வாங்கும் வாரத்தில் திடீரென்று டைஃபாய்டு சர்டிபிகேட்டோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உடம்பு சரியாகித் திரும்பி வரும் நாளிலேயே சான்றைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டால் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். திருமணமாகிப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று: மகப்பேறு விடுப்புக்கும் வருகைப்பதிவுத் தளர்வுக்கும் விதி வகுக்கச் சொல்லி 2021-இலேயே யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

மார்க் குறைந்துவிட்டது என்று தோன்றினால் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, 2011-இல் உச்ச நீதிமன்றம் சிபிஎஸ்இ வழக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்டிஐ) அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் ரீவேல்யூவேஷன் வேண்டும் என்றால் பல்கலைக்கழகம் சொல்கிற வழியிலேயே போவதுதான் புத்திசாலித்தனம். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் போட்டோகாப்பிக்கு விண்ணப்பித்து, அதை ஒரு ஆசிரியரிடம் காட்டிவிட்டு, பிறகுதான் மறுமதிப்பீடு. ரிசல்ட் வந்தபின் அதற்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான், ஆர்டிஐ பதிலுக்கோ 30 நாள் அவகாசம் உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுவது மற்ற விஷயங்களுக்கு அருமையான ஆயுதம், உதாரணமாக உங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் எத்தனை இடங்களுக்கு அனுமதி தந்தது என்று கேட்பதற்கு.

ராகிங் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் 1996-ஐ மறக்க முடியாது. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது, இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால் வழி வேறு, பாலியல் புகார்களை விசாரிக்கக் கல்லூரியிலேயே இருக்கும் உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். "முதலில் டிபார்ட்மென்ட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், பேசிப் பேசியே அந்த மூன்று மாதத்தைக் கரைத்துவிடுவார்கள்.

உதவித்தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது, சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும், அதனால் உங்கள் பெயர் ஏறியதா என்று அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

படித்து முடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. தகுதி பெற்ற 180 நாளுக்குள் பட்டம் தரப்பட வேண்டும் என்று 2008-இன் யுஜிசி ஒழுங்குமுறை சொல்கிறது. பட்டமளிப்பு விழா தள்ளிப்போகிறது, விருந்தினர் தேதி தரவில்லை என்று காத்திருக்கச் சொன்னால், அந்த விதியைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அரசின் மின்னணுச் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.