போல் போட் ஒரே ஆளின் வெறியா?

கேள்வி: கம்போடியப் படுகொலைக்குப் போல் போட் என்ற ஒரு சர்வாதிகாரியின் வெறி மட்டும்தான் காரணமா?

வெறி மட்டும் போதாது. அதற்குக் கோப்பும் குமாஸ்தாவும் வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான். அங்கே போல் போட்டின் ஆட்சி நடத்திய துவோல் ஸ்லெங் சிறை ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. பிரிக்பீல்ட்ஸில் படித்த நமக்குப் பழகிய அதே நீள வராந்தாதான். வகுப்பறைக்குள்ளே செங்கல் அடுக்கி, ஆள் முடங்கும் அளவுக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். வந்தவர்களைப் படம் எடுத்து, அடித்து வாக்குமூலம் எழுத வைத்துத்தான் கொன்றார்கள். அதை நடத்திய டூச் முன்னாள் கணக்கு வாத்தியார்!

உள்நாட்டுப் போரும் அமெரிக்கக் குண்டுவீச்சும் நாட்டைக் குலைத்த பிறகு, 1975 ஏப்ரல் 17 அன்று போல் போட்டின் கம்யூனிஸ்ட் இயக்கமான கமேர் ரூஜ் தலைநகரைப் பிடித்தது. உடனே நகரத்தையே காலி செய்தார்கள். பணம், சந்தை, பள்ளி எல்லாம் ஒழிந்தன. ஹெக்டேருக்கு 3 டன் நெல் என்று மேலிடம் இலக்கு வைத்தது. விளையவில்லை என்று சொன்னால் துரோகி. அதனால் கீழே இருந்தவர்கள் பொய்க்கணக்கு எழுதினார்கள், அந்தக் கணக்குப்படி இருந்த அரிசியும் மேலிடத்துக்குப் போனது. நான்கு ஆண்டுக்குள் ஏறத்தாழ 17 லட்சம் பேர் செத்தார்கள், பாதிப்பேர் பட்டினியாலும் நோயாலும்.

சரி, வெளியுலகம்? 1979இல் வியட்நாம் கமேர் ரூஜை ஆட்சியிலிருந்து விரட்டியது. ஆனால் கம்போடியாவின் ஐ.நா. இருக்கை மட்டும் அவர்களிடமே இருந்தது. 1982 ஜூனில் அவர்களையும் சேர்த்த கூட்டணி அரசுக்குக் கையெழுத்தானது நம் கோலாலம்பூரில்தான். அங்கே சிறுபான்மையினரான சாம் முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் அழித்தது இனப்படுகொலை என்ற தீர்ப்பு வந்தது 2018இல்.