தர்பூசணியைப் பறிக்க எந்த நாள்?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் எங்கள் வீடு. கொல்லை மணலில் சுகர் பேபி தர்பூசணி நாலு கொடி போட்டேன். தட்டிப் பார்த்துப் பழுத்துவிட்டது என்று ஒன்றை அறுத்தால் உள்ளே ஒரே வெளுப்பு. பக்கத்திலேயே முலாம்பழமும் வெள்ளரிப்பழமும் காய்த்துக் கிடக்கின்றன. எதை எப்போது பறிப்பது?

பதில்: குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த காய் இப்படிப் போனால் மனசு வலிக்கத்தான் செய்யும். தர்பூசணியை முன்கூட்டியே பறித்துவிட்டால் அரிசிப் பானைக்குள் வைத்தாலும் பழுக்காது. கொடியில் இருக்கும்போது ஏறிய இனிப்புதான் கடைசி வரைக்கும்.

தட்டிப் பார்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பழுத்த காய் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும், பிஞ்சு 'டங்' என்று கணீரென ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நூறு காய் தட்டிப் பழகிய காதுக்குத்தான் அது பிடிபடும். நாலு கொடிக்காரர் கண்ணை நம்புவதே நல்லது.

காய்க் காம்பு கொடியில் சேரும் கணுவைப் பாருங்கள். அங்கே கம்பிச் சுருள் போல ஒரு பற்றுக்கொடி இருக்கும். அது பச்சையாக இருந்தால் காயைத் தொடவே வேண்டாம். நுனி மட்டும் காய்ந்திருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். அடிவரை பழுப்பேறி, விரலால் நெரித்தால் ஒடிந்தால்தான் பருவம். உங்கள் பக்கம் மணல் சீக்கிரம் காயும், காற்றிலும் உப்பு. தண்ணீர் போதாமலும் சுருள் கருகும். மற்ற கணுக்களிலும் சுருள்கள் காய்ந்திருந்தால் அந்த அடையாளத்தை நம்பாதீர்கள்.

அப்போது காயை மெல்லப் புரட்டி, மண்ணில் பட்ட வயிற்றைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காய், வெண்ணெய் மாதிரி மஞ்சள் ஏறியிருந்தால் பழம். சுகர் பேபிக்குக் கரும்பச்சைத் தோலின் மினுமினுப்பும் மங்கிவிடும். இரண்டு அடையாளமாவது சேர்ந்து வந்தால் மட்டும் அறுங்கள். அடுத்த முறை பிஞ்சு பிடித்த அன்றே பக்கத்தில் ஒரு குச்சியில் தேதி எழுதி நட்டு வையுங்கள். அதிலிருந்து 30 முதல் 35 நாள் கணக்கு.

பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். அந்த நேரத்தில் நிறைய ஊற்றினால் சுவை சப்பென்று ஆகும், காயும் வெடிக்கும். வெயில் படும் பக்கத்தில் பனை ஓலையைப் போட்டு மூடுங்கள். காலையில், காம்போடு கத்தியால் அறுங்கள், இழுத்துப் பிய்க்க வேண்டாம்.

முலாம்பழத்தில் இவ்வளவு பாடு இல்லை. தோலின் பச்சை மஞ்சளாகும், காம்படியில் வட்டமாக விரிசல் விடும், கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே கழன்று வரும். காம்புக்கு எதிரே, பூ இருந்த நுனியில் மூக்கை வைத்தால் வாசனை சொல்லிவிடும்.

வெள்ளரிப்பழம் தானே வெடித்துக் காட்டும். முதல் கீறல் தெரிந்ததும் பறித்து, சிதறாமல் ஓலையால் சுற்றிக் கட்டி வையுங்கள். எறும்பு ஏறுவதற்குள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.