இலங்கை மலையகம் சுற்றிப் பார்க்க எந்த மாதம் நல்லது?

மாதத்துக்கு முன், மலையின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பார்க்கவேண்டும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி கிழக்குப் பக்கமுள்ள ஊவா மாகாணத்துக்குள் காய்ந்த காற்றாக இறங்கும். அதனால் ஹட்டனில் குடையை மடக்க முடியாத ஜூலையிலேயே பண்டாரவளை, எல்லப் பக்கம் பெரும்பாலும் வெயில்தான். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனை வருவதும் இந்தக் காற்றில்தான்.

டிசம்பர், ஜனவரியில் கதை மாறும்: வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்துப் பதுளையை நனைக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே பயணத்தில் என்றால் பெப்ரவரி, மார்ச். இந்த மாதங்கள் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்துக்குள்ளும் (டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை) வரும். ஜேர்சி கட்டாயம், பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிவதுண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குக் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மூடுபனி ஏறினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் நுவரெலியாவில் அறை வாடகை எகிறும். ஒக்டோபர், நவம்பர் வேண்டாம்: பிற்பகல் இடிமழை, மண்சரிவு, ரயில் தடை.